காவல் நிலையச் சித்திரவதைக்கு எதிரான மனித உரிமைப் புகார்: முதல் மணி நேரம் முதல் ஆணையத்தின் உத்தரவு வரை

தமிழ்நாட்டில் காவல்துறையினரின் பிடியில் இருக்கும் ஒருவர் அடிக்கப்பட்டாலோ, பதிவு எதுவும் இல்லாமல் அடைத்து வைக்கப்பட்டாலோ, உயிரிழந்தாலோ, அதை எதிர்த்துப் புகார் கொடுக்க மாநில மனித உரிமைகள் ஆணையம் முதல் உயர் நீதிமன்றம் வரை பல இடங்கள் இருக்கின்றன. அந்த இடங்களுக்குப் போகும்போது நம் கையில் என்ன சான்று இருக்கும் என்பதை முதல் இரண்டு மூன்று நாட்களே தீர்மானித்துவிடுகின்றன. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் உயிரிழந்த வழக்கில், உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்பேரில் விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், நிலையத்தின் கண்காணிப்பு கேமராப் பதிவுகள் அன்றன்றே தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டறிந்தார். அங்கே பணியில் இருந்த பெண் காவலர் ஒருவர் துணிந்து வாக்குமூலம் தந்திராவிட்டால், அந்த இரவில் நடந்தது வெளியே வருவது மிகக் கடினமாக இருந்திருக்கும். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவர் தனிப்படையினரின் விசாரணையில் உயிரிழந்தபோது, ஒருவர் மறைந்து நின்று எடுத்த கைப்பேசிக் காணொளி முக்கியச் சான்றாக அமைந்தது. இப்படிப்பட்ட தற்செயல்களை நம்பி ஒரு குடும்பம் இருக்க முடியாது என்பதால், சான்றைத் திரட்டுவதிலிருந்தே இந்த வழிகாட்டி தொடங்குகிறது.

பிடிபட்டவர் குற்றம் செய்தவரா என்ற கேள்விக்கு இந்தப் புகாரில் இடமே இல்லை. திருடியவரை அடிப்பதும் குற்றம்தான். அரசியல் சாசனத்தின் 21-ஆம் கூறு தரும் பாதுகாப்பு, முன்வழக்கு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒன்றே. “அவன் பேரில் ஏற்கெனவே கேஸ் இருக்கிறதே” என்று யாராவது சொன்னால், அதைக் கேட்டுத் தயங்கி நிற்க வேண்டியதில்லை.

கீழே வேறு சட்டத்தின் பெயரைச் சொல்லாமல் குறிப்பிடும் பிரிவு எண்கள், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவைச் சேர்ந்தவை. அதை இனி நடைமுறைச் சட்டம் என்றே குறிப்பிடுகிறேன்.

முதல் படி: கூட்டிச் சென்றவுடன் செய்ய வேண்டியவை

“சும்மா விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவோம்” என்று சொல்லி அழைத்துச் செல்லும்போதே பதிவில்லாத காவல் தொடங்கிவிடுகிறது. கைது செய்வதானால், கைது செய்யும் அதிகாரி தம் பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும்; கைதுக் குறிப்பு ஒன்றை எழுதி, அதில் குடும்பத்தினர் ஒருவரிடமோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரிடமோ சாட்சிக் கையொப்பமும், கைதானவரின் கையொப்பமும் பெற வேண்டும் என்று 36-ஆம் பிரிவு கூறுகிறது. கைதுக்கான காரணத்தை அவருக்குச் சொல்ல வேண்டும் (47), அவர் குறிப்பிடும் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும் (48), விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க அனுமதிக்க வேண்டும் (38). இவற்றில் பெரும்பாலானவை 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளிலிருந்து பிறந்தவை. கைது செய்யாமல் விசாரிக்க வேண்டுமென்றால் எழுத்து மூலம் அறிவிப்பு தர வேண்டும். சாட்சி என்ற முறையில் அழைப்பதானால், பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த மற்றும் 60 வயதைக் கடந்த ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயுற்றவர்களையும் அவர்களது இருப்பிடத்திலேயே விசாரிக்க வேண்டும் என்கிறது 179-ஆம் பிரிவு.

குடும்பத்தினர் அந்த நேரத்தில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, எழுதி வைப்பது. எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை பேர், சீருடையிலா சாதாரண உடையிலா, வண்டி எண் என்ன, எந்த நிலையத்தின் பெயரைச் சொன்னார்கள், பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் யார் என்பதை அப்போதே ஒரு தாளில் எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிட வேண்டும். பிறகு 100 அல்லது 112-ஐ அழைத்து, இன்னாரை இத்தனை மணிக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்கள் என்று தெரிவித்தால், அந்த அழைப்பே நேரத்துக்குச் சாட்சியாகிவிடும். அதே செய்தியை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ மாநகரக் காவல் ஆணையருக்கோ, காவல்துறைத் தலைமை இயக்குநருக்கும், மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்கும் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் வழக்கறிஞர்கள் இதற்கென்றே தந்தி கொடுப்பார்கள். 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றபின், நேரம் பதிவாகும் மின்னஞ்சல் அந்த வேலையைச் செய்கிறது. நான்கு வரி போதும். நீண்ட மனுவைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

நிலையத்துக்குப் போய்க் கேட்டால் “இங்கே அப்படி யாரும் இல்லை” என்ற பதில் வரலாம். தனிப்படையினர் பிடித்தவரை நிலையத்துக்கே கொண்டுபோகாமல் வேறு இடங்களில் வைத்து விசாரித்த நிகழ்வுகள் உண்டு. கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றச்சாட்டின் தன்மை ஆகியவற்றை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையகத்திலும் காட்சிப்படுத்த வேண்டும் என்று 37-ஆம் பிரிவு கூறுவதால், மாவட்டத் தலைமையகத்திலும் கேட்க வேண்டும். அங்கும் பெயர் இல்லையென்றால் இரண்டு வழிகள் உள்ளன. சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டவரைத் தேடி மீட்க 100-ஆம் பிரிவின்கீழ் நடுவரிடம் மனு செய்யலாம். அல்லது சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரை அமர்விலோ, அவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம். இருபத்துநான்கு மணி நேரம் முடியட்டும் என்று காத்திருக்கச் சொல்லும் விதி எதுவும் இல்லை. பதிவே இல்லாத காவல் முதல் நிமிடத்திலிருந்தே சட்டவிரோதம்தான்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். காவலில் இருப்பவருக்கு, அவருடைய வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. பிடிபட்டவர் பதினெட்டு வயது நிறையாதவர் என்றால் அவரை லாக்கப்பில் வைக்கவே கூடாது. உடனே சிறார் உதவி எண்ணான 1098-ஐ அழைக்க வேண்டும்.

இரண்டாம் படி: காயங்களை மருத்துவப் பதிவாக்குதல்

“பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் கை முறிந்தது” என்ற வாக்கியம் தமிழ்நாட்டில் யாருக்கும் புதிதல்ல. கையில் மாவுக்கட்டோடு ஒருவரின் புகைப்படம் வெளியானால் அதைப் பார்த்துச் சிரிக்கும் வழக்கம் நம்மிடையே பரவியிருப்பது, மருத்துவர்களும் நடுவர்களும் அதைக் கேள்வியின்றி எழுதிக்கொள்வதற்குத் துணைபோகிறது என்பது என் உறுதியான கருத்து. அந்த வாக்கியத்துக்கு எதிராக நிற்கக்கூடிய ஒரே ஆவணம் மருத்துவப் பதிவுதான்.

கைதான உடனே அரசு மருத்துவர் ஒருவர் அவரைப் பரிசோதித்து, காயங்களையும் அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் குறித்து, அதன் நகலைக் கைதானவரிடமோ அவர் குறிப்பிடுபவரிடமோ தர வேண்டும் என்கிறது 53-ஆம் பிரிவு. பாசு வழக்கின் நெறிகளின்படி, காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதனை நடக்க வேண்டும். நடைமுறையில் காவலர் பக்கத்தில் நிற்க, மருத்துவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “காயம் ஏதும் இல்லை” என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. எனவே கைதானவர் மருத்துவரிடம் தாமாகவே வாய் திறந்து சொல்ல வேண்டும்: யார் அடித்தது, எதனால், உடலின் எந்த இடத்தில், எப்போது. காவலரை வெளியே நிற்கச் சொல்லும்படி கேட்கலாம். சட்டையைக் கழற்றி முதுகையும், பாதங்களையும், தொடையின் பின்புறத்தையும் காட்ட வேண்டும். லத்தியால் உள்ளங்காலில் அடிப்பது வெளியே எளிதில் தெரியாத காயங்களை உண்டாக்கும்.

ஜாமீனில் வந்தவரோ வழக்கே இல்லாமல் விடப்பட்டவரோ அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தனியார் மருத்துவமனையில் முதலில் சிகிச்சை பெற நேர்ந்தாலும் அரசு மருத்துவமனைப் பதிவைத் தவறவிடக் கூடாது. அங்கே எழுதப்படும் விபத்துப் பதிவேட்டின் நகலைத்தான் வழக்கறிஞர்கள் ஏ.ஆர். காப்பி என்பார்கள். காயம் எப்படி ஏற்பட்டதாகச் சொல்லப்படுகிறது என்ற வரியில் என்ன எழுதப்படுகிறது என்பதே அதில் உயிரான பகுதி. “கீழே விழுந்ததாக” என்று எழுதிவிட்டால் பிறகு அதை மாற்றுவது மிகவும் கடினம். “இன்ன நிலையத்தில் இத்தனை மணிக்குக் காவலர்கள் லத்தியால் அடித்ததாக” என்று எழுதும்படி பொறுமையாக, ஆனால் விடாமல் கேட்க வேண்டும். மருத்துவர் மறுத்தால், மறுத்ததைக் குறிப்பிட்டு மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு அன்றே எழுத்து மூலம் மனு கொடுக்க வேண்டும்.

புகைப்படங்களை நல்ல வெளிச்சத்தில், முகமும் காயமும் ஒரே படத்தில் தெரியும்படி ஒன்றும், காயத்தின் அருகே அளவுகோல் வைத்து ஒன்றுமாக எடுக்க வேண்டும். கன்றிப்போன இடத்தின் நிறம் நாளுக்கு நாள் மாறும் என்பதால், தொடர்ந்து சில நாட்கள் எடுத்துவந்தால் காயத்தின் வயதை மருத்துவர் பிறகு மதிப்பிட முடியும். படம் எடுத்த கைப்பேசியையும் மூலக் கோப்பையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி மட்டும் போதாது. இரத்தக்கறை படிந்த உடைகளைத் துவைக்காமல், நன்றாக உலரவிட்டு, பிளாஸ்டிக்கில் அல்லாமல் காகித உறையில் வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: நடுவரின் முன் பேசுதல்

அரசியல் சாசனத்தின் 22-ஆம் கூறும் நடைமுறைச் சட்டத்தின் 58-ஆம் பிரிவும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் கைதானவரை நடுவரிடம் நிறுத்த வேண்டும் என்று கட்டளையிடுகின்றன. இந்த முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க உத்தரவு பெறுவதற்கு, நிறுத்தப்படும்போது நடுவர் “போலீஸார் உங்களை அடித்தார்களா, ஏதாவது சொல்ல வேண்டுமா” என்று கேட்க வேண்டும். அப்போது “இல்லை” என்று சொன்னால் அது நீதிமன்றப் பதிவாகிவிடும். பின்னாளில் ஆணையத்தில் காவல்துறை தாக்கல் செய்யும் பதிலில் “நடுவரிடம் எந்தப் புகாரும் கூறவில்லை” என்ற வரி தவறாமல் இடம்பெறும்.

பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. அடித்தவரே பக்கத்தில் நிற்பார். நீதிமன்றத்திலிருந்து மறுபடியும் அதே வண்டியில்தான் ஏற வேண்டும். எனவே மூன்று கோரிக்கைகளைக் கைதானவரோ அவருடைய வழக்கறிஞரோ சேர்த்தே முன்வைக்க வேண்டும்: காவலர்களை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டுத் தாம் சொல்வதைக் கேட்க வேண்டும்; காயங்களை நடுவர் தாமே பார்த்து ரிமாண்ட் உத்தரவில் எழுத வேண்டும்; போலீஸ் காவலுக்கு அனுப்பாமல் மருத்துவப் பரிசோதனைக்கும், சிறையில் வைக்கும் நீதிமன்றக் காவலுக்கும் உத்தரவிட வேண்டும். நடுவர் இயந்திரம்போல் ரிமாண்ட் செய்யக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருப்பதை வழக்கறிஞர் சுட்டிக்காட்டலாம்.

சிறையில் சேர்க்கும்போது நடக்கும் பரிசோதனை இரண்டாவது வாய்ப்பு. வெளியிலிருந்து காயத்தோடு வரும் கைதியின் பொறுப்பு தங்கள் மீது விழுந்துவிடக் கூடாது என்பதால், சிறை நிர்வாகம் அதைக் குறித்துக்கொள்வதற்கு அதற்கே ஒரு காரணம் இருக்கிறது. முதல் முறை பயத்தால் பேசாமல் இருந்துவிட்டவர், காவல் நீட்டிப்பின்போது சொல்லலாம். சிறைக் கண்காணிப்பாளர் வழியாக நீதிமன்றத்துக்கு எழுதலாம். ஏன் முன்பே சொல்லவில்லை என்ற காரணத்தையும் அதிலேயே எழுதிவிட வேண்டும்.

நான்காம் படி: கேமராப் பதிவைக் காப்பாற்றுதல்

2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நுழைவாயில், லாக்கப், நடைபாதை, அதிகாரிகளின் அறைகள் உட்பட நிலையத்தின் எந்தப் பகுதியும் விடுபடாமல் ஒலியுடன் கூடிய கேமராக்கள் இருக்க வேண்டும் என்றும், பதிவுகள் 18 மாதங்களும், அதற்கு வசதி கிடைக்காத நிலையில் குறைந்தது ஓராண்டும் பாதுகாக்கப்பட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. காவலில் காயமோ மரணமோ நேர்ந்தால் பாதிக்கப்பட்டவர் மனித உரிமை ஆணையத்திடமும் மனித உரிமை நீதிமன்றத்திடமும் புகார் செய்யலாம் என்றும், ஆணையம் அந்தப் பதிவுகளை வரவழைக்கலாம் என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது.

பொத்தாம்பொதுவாக “சி.சி.டி.வி. பதிவு வேண்டும்” என்று கேட்டால் பயனில்லை. இன்ன தேதி இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, இன்னின்ன இடங்களின் கேமராப் பதிவுகளை அழியாமல் பாதுகாக்க வேண்டும் என்று நிலைய ஆய்வாளருக்கும், மாவட்டக் கண்காணிப்பாளருக்கும், ஆணையத்துக்கும் அன்றே மின்னஞ்சலும் விரைவு அஞ்சலும் அனுப்ப வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7(1)-ஆம் பிரிவின்கீழ், உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்பதைக் குறிப்பிட்டுத் தனியே மனு செய்யலாம். வழியில் உள்ள கடைகள், பெட்ரோல் பங்குகள், மருத்துவமனை ஆகியவற்றின் பதிவுகளையும் மறக்கக் கூடாது. அவை சில நாட்களிலேயே அழிந்துவிடக்கூடும் என்பதால் கடைக்காரரிடம் உடனே நகல் கேட்பதே நல்லது.

ஐந்தாம் படி: புகாரை எழுதுதல்

மாநில மனித உரிமைகள் ஆணையம் சென்னையில் கிரீன்வேஸ் சாலைப் பகுதியில் இருக்கிறது. தேசிய ஆணையத்துக்கு இணையவழியிலும் புகார் அனுப்பலாம். அதன் உதவி எண் 14433. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் வேறு எவருமோ புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, தமிழிலேயே எழுதலாம். இரண்டு எல்லைகளை மட்டும் கவனிக்க வேண்டும். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் செய்ய வேண்டும் என்கிறது 1993-ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36(2)-ஆம் பிரிவு. மாநில ஆணையத்தின் விசாரணையில் இருக்கும் ஒன்றைத் தேசிய ஆணையம் விசாரிக்காது என்கிறது 36(1). ஆகவே முதல் தகவலை எல்லோருக்கும் அனுப்பினாலும், முறையான புகாரை ஓர் ஆணையத்திடம் மட்டும் கொடுப்பதே சரி. சாட்சிகளை அழைத்துச் செல்லவும் வாய்தாக்களுக்குப் போய்வரவும் வசதியானது என்பதால் பெரும்பாலானவர்களுக்கு மாநில ஆணையத்தையே நான் பரிந்துரைப்பேன். மாவட்டக் காவல்துறையின் உயர்மட்டமே சம்பந்தப்பட்டிருப்பதாகத் தோன்றினால் தேசிய ஆணையத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

புகாரின் உடல் பகுதி இப்படி அமையலாம்:

“நான் மேற்கண்ட முகவரியில் வசிக்கிறேன். ____ தேதி காலை ____ மணிக்கு என் மகன் ____ என்பவரை, ____ காவல் நிலைய உதவி ஆய்வாளர் ____ அவர்களும், பெயர் தெரியாத, ஆனால் நேரில் பார்த்தால் அடையாளம் காட்டக்கூடிய இரு காவலர்களும் ____ எண்ணுள்ள வாகனத்தில் ஏற்றிச் சென்றனர். கைதுக் குறிப்பில் எங்களிடம் கையொப்பம் எதுவும் பெறவில்லை. ____ மணிக்கு நான் நிலையத்துக்குச் சென்றபோது அவரைப் பார்க்க அனுமதிக்கவில்லை. ____ தேதி ____ மணிக்கு அவரை நடுவர் முன் நிறுத்தினர். அவர் என்னிடம் கூறியதாவது: ____. அவருடைய உடலில் நான் நேரில் கண்ட காயங்களாவன: ____.”

தாம் கண்டதையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் இப்படிப் பிரித்து எழுதுவது மிக முக்கியம். உணர்ச்சி மிகுந்த சொற்கள் வேண்டாம். நான்கு பேர் அடித்ததைப் பத்துப் பேர் என்று எழுத வேண்டாம். ஒரு மிகைப்படுத்தல் குறுக்கு விசாரணையில் சிக்கினால் மற்ற உண்மைகளும் அதோடு சேர்ந்து ஐயத்துக்குள்ளாகும். அவர்மீது உள்ள வழக்கை மறைக்காமல் குற்ற எண்ணோடு குறிப்பிட வேண்டும். முடிவில், கேமராப் பதிவுகளையும், நிலையப் பொது நாட்குறிப்பையும், மருத்துவப் பதிவுகளையும் வரவழைக்க வேண்டும், இடைக்கால நிவாரணம் வழங்க வேண்டும், குற்ற வழக்கும் துறை நடவடிக்கையும் பரிந்துரைக்க வேண்டும், புகார்தாரருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புத் தர வேண்டும் என்று தெளிவாகக் கோர வேண்டும். ஆவணங்களின் நகல்களை மட்டுமே இணைக்க வேண்டும். மூலம் எப்போதும் உங்களிடமே இருக்கட்டும்.

ஆறாம் படி: குற்ற வழக்கைத் தனியே நடத்துதல்

ஆணையம் யாரையும் சிறைக்கு அனுப்பாது. அடித்தவர்மீது குற்ற வழக்கு வேண்டுமென்றால் அதைத் தனியாகத் தொடங்க வேண்டும். நிலையத்தில் புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கை கேட்க வேண்டும், புகார் வந்ததற்கான வெறும் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பினால் அது வழக்குப் பதிவாகாது. பிறகு 173(4)-இன்படி மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதி, அதற்கும் பதில் இல்லையென்றால் 175-ஆம் பிரிவின்கீழ் நடுவரிடம் செல்லலாம். ஒப்புதல் வாக்குமூலம் பிடுங்குவதற்காகக் காயப்படுத்துவதற்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 120-ஆம் பிரிவு ஏழு ஆண்டுகள் வரையும், கொடுங்காயமானால் பத்து ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை விதிக்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராக இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளையும் சேர்க்கக் கோர வேண்டும். இருளர், குறவர் போன்ற மக்கள் பழைய திருட்டு வழக்குகளுக்காகத் திரும்பத் திரும்பப் பிடித்துச் செல்லப்படும் மாநிலத்தில் இது சிறு விஷயமல்ல. அரசு ஊழியர்மீது வழக்குத் தொடர 218-ஆம் பிரிவின்படி முன் அனுமதி வேண்டும் என்ற வாதம் எழும். காவலில் அடிப்பது பணிக் கடமையின் பகுதியாகாது என்பதே அதற்கு வழக்கறிஞர் தர வேண்டிய பதில்.

2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் காவல்துறைப் புகார் ஆணையமும் தமிழ்நாட்டில் உண்டு. உள்துறைச் செயலாளரைத் தலைவராகக் கொண்ட அமைப்பு என்பதால், அதை மட்டும் நம்பி மற்ற வழிகளைக் கைவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மரணம் நேர்ந்தால்

காவலில் மரணமோ, காணாமல் போதலோ, பாலியல் வன்புணர்வோ நிகழ்ந்ததாகக் கூறப்பட்டால் நடுவரின் விசாரணை 196-ஆம் பிரிவின்படி கட்டாயம். காவல் மரணம் பற்றி 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமைகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற நெறி 1993 முதல் இருக்கிறது. ஆனாலும் குடும்பத்தினர் தனியே தகவல் அனுப்புவது நல்லது. உறவினர் உடலை முன்னும் பின்னும் பார்த்து, படமும் காணொளியும் எடுத்துக்கொள்ள அனுமதித்த பிறகே பிரேதப் பரிசோதனை நடக்க வேண்டும் என்றும், பரிசோதனை காணொளியில் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் மதுரை அமர்வு 2020 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. அந்தத் துயரத்தில் வெற்றுத் தாளில் கையொப்பம் கேட்பார்கள்; உடலை உடனே எரியூட்டச் சொல்லி வற்புறுத்துவார்கள். இரண்டுக்கும் இணங்க வேண்டாம். மறு பரிசோதனை கோர வேண்டிய நிலை வரலாம் என்பதால், வழக்கறிஞரைக் கலந்து பேசிய பிறகே உடலைப் பெறுவதையும் அடக்கத்தையும் முடிவு செய்ய வேண்டும்.

ஏழாம் படி: ஆணையத்தின் விசாரணையும் அதன் பிறகும்

ஆணையம் காவல்துறையிடம் அறிக்கை கேட்கும். அந்த அறிக்கையின் நகல் உங்களுக்கு வந்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் பத்திக்குப் பத்தி மறுப்பு எழுத வேண்டும். பதில் இல்லையென்றால் புகார் அத்தோடு முடித்துவைக்கப்படலாம். ஆணையத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு என்பதால் சாட்சி விசாரணையும் குறுக்கு விசாரணையும் நடக்கும். வாய்தாவுக்கு வர முடியாவிட்டால் முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும்.

இதற்கிடையில் சமாதானத் தூது வரும். ஊர்ப் பெரியவரோ, கட்சிக்காரரோ, வழக்கைக் கைவிட்டால் பணம் தருவதாகப் பேசக்கூடும். மறுத்தால் புதிய வழக்கொன்றும் வரக்கூடும். அப்படிப்பட்ட ஒவ்வொரு பேச்சையும் தேதியோடு எழுதி, அன்றே ஆணையத்துக்குக் கூடுதல் மனுவாக அனுப்பிவிட வேண்டும்.

உத்தரவு சாதகமாக வந்தால், அது இழப்பீடு, குற்ற வழக்கு, துறை நடவடிக்கை ஆகியவற்றைப் பரிந்துரைப்பதாக இருக்கும். இவை வெறும் ஆலோசனைகள் என்று அரசு நீண்ட காலம் வாதிட்டு வந்தது. 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்கீழ் ஆணையம் செய்யும் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. இழப்பீட்டைப் பெற்றுக்கொள்வதால் குற்ற வழக்கோ, மேலும் இழப்பீடு கோரும் உரிமையோ அழிந்துவிடாது. காவல் மரணத்துக்கு அரசே இழப்பீடு தர வேண்டும் என்று 1993-இல் நீலபதி பெஹரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும், குற்றவாளிகள் மீதான நடவடிக்கையை அது தனியாகவே வைத்தது. பரிந்துரைமீது தான் எடுத்த நடவடிக்கையை அரசு ஒரு மாதத்துக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் காலம் கடந்தும் பணமும் வரவில்லை, நடவடிக்கையும் இல்லை என்றால், உத்தரவின் சான்றிட்ட நகலோடு உள்துறைச் செயலாளருக்கு ஒரு நினைவூட்டல் மனு அனுப்பி, அதன் ஒப்புகையை இணைத்து, உத்தரவை நிறைவேற்றக் கோரும் ரிட் மனுவை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம்.